வீடு கட்டுவது வீண் செலவா?

ஏழைக்குக் கடன் கொடுப்பதானால் கறவை மாட்டுக்குக் கொடு, தையல் மெஷினுக்குக் கொடு, பெட்டிக்கடைக்குக் கொடு. வீடு கட்ட மட்டும் கொடுத்துவிடாதே. ஊரகக் கடனைப் பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஓதும் பாடம் இது. மாடு பால் கறக்கும், மெஷின் கூலி சம்பாதிக்கும், வீடு என்ன செய்யும்? போட்ட காசு சுவருக்குள் முடங்கிவிடும், தவணை நின்றுபோகும் என்பார்கள். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார்கள்: சீட்டுப் பிடிப்பது, கைமாற்று வாங்குவது, அக்கம்பக்கத்தில் புரட்டுவது எல்லாம் அறியாமை, உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஊருக்குள் வந்துவிட்டால் ஏழைகளுக்கு விடிவு பிறந்துவிடும்.

இரண்டையும் நான் மறுக்கிறேன். தன் பணத்தை எதில் போடுவது, எப்போது போடுவது என்று ஏழைக்குத் தெரியாது என்ற ஒரே எண்ணம்தான் இரண்டுக்கும் வேர். அந்த எண்ணம் தவறு. அதை வைத்துக்கொண்டு எழுதப்பட்ட விதிகள் கிராமத்துக் குடும்பங்களுக்குப் பெரிய தீங்கைச் செய்திருக்கின்றன.

நான் வசிப்பது உப்பலில். ஹைதராபாத்தின் கிழக்கு வாசல் இது. வாரங்கல், ஜனகாம், யாதகிரிகுட்டா பக்கத்துப் பேருந்துகள் உப்பல் சந்திப்பைத் தொட்டுத்தான் நகரத்துக்குள் போகின்றன. அவற்றில் வந்து இறங்குகிறவர்களில் கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் ஆள், சித்தாள் என்று கட்டட வேலைக்காரர்கள் ஏராளம். உப்பல் பாகாயத்தில் நகர வளர்ச்சி ஆணையமான ஹெச்எம்டிஏ ஏலம் விட்ட மனைகளில் எழும்பும் மாடிகளெல்லாம் இவர்களைப் போன்றவர்கள் கையால் ஆனவை. அங்கே ஃபிளாட் வாங்குகிறவருக்கு வங்கி இருபது ஆண்டுத் தவணையில் கடன் தருகிறது. பழைய வருமான வரி முறையில் இருந்தால் அவர் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வரிக்கழிவு. அசலுக்குத் தனிச் சலுகை. குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட வீட்டுக் கடனை ரிசர்வ் வங்கி முன்னுரிமைத் துறைக் கடனாகவே சேர்த்துக்கொள்கிறது. அந்த ஃபிளாட் மாதம் எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்று எந்த மேலாளரும் கேட்பதில்லை. அது சொத்து, முதலீடு, குடும்பத்தின் முன்னேற்றம்.

அதே ஃபிளாட்டுக்குக் கான்கிரீட் போட்டவர் தன் ஊரில் இரண்டு அறை கட்ட நினைத்தால் அது செலவாகிவிடுகிறது. நான் மிகைப்படுத்தவில்லை. 2011 டிசம்பரில் ரிசர்வ் வங்கி குறுநிதி நிறுவனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தபோது, அவை கொடுக்கும் கடனில் 75 விழுக்காடாவது வருமானம் ஈட்டும் தொழிலுக்குப் போக வேண்டும் என்று எழுதியது. பிறகு அது இறங்கி 2015ல் 50 ஆனது. எதற்காக வாங்கினாலும் சரி என்ற நிலை 2022 மார்ச்சில்தான் வந்தது. நடுவில் பத்தாண்டு, விண்ணப்பத்தில் எருமை என்று எழுதிவிட்டுச் செங்கல் வாங்கிய பெண்களைப் பொய் சொன்னவர்கள் என்று ஏசினார்கள். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது விதி.

கிராமத்தில் ஒரு வீடு எப்படி எழும்புகிறது என்பதை இந்த விதியை எழுதியவர்கள் கிட்டத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அஸ்திவாரம் போட்டு ஆறு மாதம் விட்டுவைக்கலாம். சுவரை லிண்டல் மட்டம் வரை எழுப்பிவிட்டு அடுத்த அறுப்பு வரை காத்திருக்கலாம். பூச்சு வேலையும் தரையும் ஜன்னல் கதவும் வசதிப்பட்டபோது செய்துகொள்ளலாம். அதுவரை சாக்குப் படுதா போதும். ஆனால் கூரை ஸ்லாப்பைப் பாதி இன்று, பாதி அடுத்த மாதம் என்று போட முடியாது. காலையில் தொடங்கிய கான்கிரீட் அன்றைக்கே முடிந்தாக வேண்டும். இடையில் நிறுத்தினால் பழையதும் புதியதும் சேரும் கோட்டில் தண்ணீர் இறங்கும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும், சில ஆண்டில் கான்கிரீட் பெயர்ந்து விழும். ஆகவே தகடும் முட்டும் வாடகைக்கு வந்து நிற்கும் அந்த நாளில் சிமெண்ட், கம்பி, ஜல்லி, மணல், மிக்ஸர், பதினைந்து இருபது ஆள் கூலி, அத்தனைக்கும் காசு கையில் இருக்க வேண்டும். போட்ட பிறகும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், முட்டு பிரிக்கும்வரை வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

ஜனகாம் பக்கத்திலிருந்து உப்பலுக்கு வேலைக்கு வரும் சென்ட்ரிங் ஆள் ஒருவர் இதை எனக்குச் சொன்னபோது, சுவருக்குக் கைக்காசு, ஸ்லாப்புக்குச் சீட்டு என்று முடித்துக்கொண்டார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வேண்டிய பணம் எந்த வடிவத்தில் வருகிறது என்று பாருங்கள். சின்னச் சின்னதாகப் பல தடவை, நடுவில் ஒரே ஒரு தடவை பெரிதாக. குறுநிதிக் கம்பெனி கொடுப்பது ஸ்லாப்புக்குப் போதாத ஒரு தொகை; வாங்கிய மறுவாரமோ அதற்கடுத்த வாரமோ தவணை தொடங்கிவிடும். வீட்டு வசதி நிறுவனம் கொடுப்பது பல லட்சம், பல ஆண்டு. அதற்குப் பதிவுப் பத்திரம், வருமானச் சான்று, வரைபட அனுமதி எல்லாம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் குடும்பம் நிற்கிறது. அந்த இடத்தை இட்டு நிரப்புவது ஏலச்சீட்டு, தெலுங்கில் சிட்டீ.

சீட்டை அறியாமை என்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். நான்காம் மாதம் ஸ்லாப் போட வேண்டியவர் ஏலத்தில் 20,000 தள்ளி எடுக்கிறார், அதாவது அவ்வளவை விட்டுக்கொடுக்கிறார். கைக்கு வருவது 80,000. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துகிறவருக்குக் கமிஷன் 5,000. மீதி 15,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 750 கழிவு. பின்னால் போகப்போகத் தள்ளு குறையும், கழிவும் குறையும். சராசரி மாதம் 500 என்று கொண்டால் ஒருவர் உண்மையில் கட்டுவது மாதம் 4,500. அவர் ஏற்கெனவே நான்கு மாதம் கட்டிய 18,000 போக, வாங்கிய கடன் 62,000. அதற்கு மீதிப் பதினாறு மாதத்தில் 72,000 கட்டுகிறார். மாத வட்டி நூற்றுக்கு 2 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வருகிறது. 2011ல் ரிசர்வ் வங்கி குறுநிதி நிறுவனங்களுக்கு அனுமதித்த உச்ச வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காடு, அதாவது மாதம் 2 ரூபாய்க்குச் சற்று மேலே. சீட்டில் அந்த வட்டியின் பெரும்பகுதி போய்ச் சேருவது கடைசியில் எடுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு, அவளுடைய சேமிப்பின் மீது. எந்த மாதம் எடுப்பது என்பதைத் தீர்மானிப்பதும் வீட்டுக்காரர்தான். கான்கிரீட் போடும் மாதத்துக்குப் பணத்தை வரவழைத்துக்கொள்ளும் இந்தத் திறமையை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

உரிமம் பெற்ற நிறுவனங்கள் வந்தால் விடிவு என்ற வாதத்துக்குப் பதில் தேட உப்பலிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஒருகாலத்தில் இந்தியக் குறுநிதியின் தலைநகரம் ஹைதராபாத்தான். எஸ்கேஎஸ், ஸ்பந்தனா, அஸ்மிதா, பேசிக்ஸ் எல்லாம் இந்த நகரத்தில் தலைமையகம் வைத்து நடந்தவை. ஷேர் மைக்ரோஃபின் உப்பலை ஒட்டிய நாச்சாரத்தில் இருந்தது. 2006லேயே கிருஷ்ணா மாவட்டத்தில் வசூல் கெடுபிடி பற்றிய புகார்கள் முற்றி, மாவட்ட நிர்வாகம் பல கிளைகளைப் பூட்டியது. அந்த எச்சரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2010 ஆகஸ்டில் எஸ்கேஎஸ் பங்குச் சந்தைக்குப் போனது. பங்கு வெளியீட்டில் திரட்டிய தொகை 1,600 கோடி ரூபாய்க்கு மேல். இரண்டே மாதத்தில், அக்டோபரில், தற்கொலைச் செய்திகளின் நடுவே ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வாரத் தவணை கூடாது, வீட்டு வாசலில் வசூல் கூடாது, மாவட்டத்தில் பதிவு செய்யாமல் தொழில் கூடாது. மாநிலம் முழுக்கத் தவணை நின்றது. குறுநிதித் துறையை ஆராய ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்தது அதன் பிறகுதான்.

ஒரே பெண்ணுக்கு நாலைந்து கம்பெனி போட்டி போட்டுக் கடன் கொடுத்தது. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்களை நடுத்தெருவில் உட்கார வைத்தது. ஒரு வாரத் தவணையைக் கட்ட இன்னொரு கம்பெனியிடமும் கந்துக்காரனிடமும் அந்தப் பெண் ஓடியது. இவையெல்லாம் உரிமத்தோடும் ஆண்டறிக்கையோடும் நடந்தவை. அதைச் செய்தது ஊர்ச் சீட்டு அல்ல.

தொழிலுக்குக் கொடுத்தால் ஏழ்மை தீரும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்தது இதே நகரத்தில்தான். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன் நால்வரும் ஹைதராபாத்தின் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 52ல் ஸ்பந்தனா கிளையைத் திறக்கச் செய்து, மீதி 52ஐ ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். 2015ல் வெளியான முடிவு எல்லோரும் படிக்க வேண்டியது. கடன் கிடைத்த இடங்களில் ஏற்கெனவே தொழில் செய்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக முதலீடு செய்தார்கள். சராசரிக் குடும்பத்தின் செலவு கூடவில்லை. பிள்ளைகளின் படிப்பிலும், ஆரோக்கியத்திலும், வீட்டில் பெண்ணுக்குள்ள அதிகாரத்திலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கடன் கதவைத் தட்டியும் அதைப் பிடித்துக்கொண்டவர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். எல்லோரும் தொழில் நடத்தப் பிறந்தவர்கள் அல்ல. கூலிக்குப் போகிறவர் கூலிக்காரராகவே இருந்துகொண்டு, நல்ல கூரையின் கீழ் படுக்க ஆசைப்படலாம்.

அந்தக் கூரையும் தரையும் எதையும் ஈட்டாது என்பதும் பொய். மெக்ஸிகோவில் மண் தரை வீடுகளுக்குச் சிமெண்ட் தரை போட்டுக் கொடுத்த பீஸோ ஃபிர்மே திட்டத்தை ஆராய்ந்த கட்டுரை 2009ல் வந்தது. வீடு முழுவதும் மண் தரை சிமெண்ட் தரையானபோது சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. குடற்புழு, இரத்தசோகை இரண்டும் அதைவிட அதிகமாகக் குறைந்தன. குழந்தைகளின் அறிவு வளர்ச்சித் தேர்வு மதிப்பெண்கூட உயர்ந்தது. ஹைதராபாத் ஆய்வு தேடியும் கிடைக்காத மாற்றங்கள் இவை. அவற்றை ஒரு தரை கொடுத்தது.

உப்பலிலிருந்து கிழக்கே போனால் பூதான் போச்சம்பள்ளி. இக்கத் நெசவால் பேர்பெற்ற ஊர். அங்கே குழித்தறிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. நெசவாளர் கால் தொங்கவிட்டு மிதிக்கும் குழி தரையில் வெட்டியது. மழைக்காலத்தில் நிலத்தடி ஈரம் ஏறிக் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் தறி நிற்கும். பாவு ஈரமானால் கட்டிச் சாயம் போட்ட வேலையும் பாழ். காஞ்சிபுரத்திலும் இந்தக் கதை தெரிந்தவர்கள் உண்டு. அந்த நெசவாளர் தரையை இரண்டடி உயர்த்தக் கடன் கேட்டால் அது தொழில் கடனா, வீட்டுக் கடனா? தறிக்குக் கடன் தருகிறவன் தறி நிற்கும் தரைக்கு ஏன் மறுக்கிறான்?

இந்தக் கேள்வியைக் கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ் நாற்பது ஆண்டுக்கு முன்பே வங்கதேச மத்திய வங்கியிடம் கேட்டிருக்கிறார். 1984ல் கிராமீன் வங்கி உறுப்பினர்களுக்கு வீட்டுக் கடன் தர மறுநிதி கேட்டபோது, இவ்வளவு சின்னத் தொகையில் கட்டுவது வீடே அல்ல என்று மறுத்தார்களாம். இருப்பிடக் கடன் என்று பேர் மாற்றிக் கேட்டார். ஏழைக்கு வருமானம் தரும் கடன்தான் தர வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள், ஆகவே இது தொழிற்சாலைக் கடன் என்று மறுபடியும் கேட்டார். அதற்கும் மறுப்பு. கடைசியில் ஆளுநரை நேரில் பார்த்துத்தான் அனுமதி வாங்கினார். தன் வரலாற்றில் இதை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். மனை பெண்ணின் பேரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த அந்தக் கடனில் எழுந்த வீடுகளுக்கு 1989ல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. வீட்டுக்குக் கொடுத்தால் கடன் திரும்பி வராது என்பவர்கள் அந்த வங்கியின் கணக்கைப் புரட்டிப் பார்க்கட்டும்.

அரசு இலவசமாகவே கட்டித் தருகிறதே, கடன் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய். 2016ல் திட்டம் தொடங்கியபோது வைத்த தொகை. இடையில் சிமெண்ட்டும் கம்பியும் கூலியும் எங்கே போய்விட்டன என்பதைக் கட்டியவர்கள் அறிவார்கள். தெலங்கானாவில் 2024 மார்ச்சில் தொடங்கிய இந்திரம்மா வீட்டுத் திட்டம் 5 லட்சம் தருகிறது. தொகை நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் அது நான்கு கட்டமாக வருகிறது, ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு. அடித்தளம் எழும்பிப் படம் எடுத்து ஏற்றினால்தான் முதல் தவணை. அப்படியானால் அடித்தளத்தை எந்தக் காசில் எழுப்புவது? கைக்காசு இல்லாதவர்கள் தொடங்கவே முடியாமல் நின்றதால் மகளிர் குழுக்கள் வழியாகக் கடன் ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. அரசின் திட்டமும் அந்தச் சீட்டின் மீதும் கைமாற்றின் மீதும்தான் நிற்கிறது. அதைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டு முறைசாராக் கடனை ஒழிப்போம் என்று பேசுவது நியாயமல்ல.

கட்டம் கட்டமாகப் பணம் தரும் இந்த முறை இலங்கையின் வடக்கு கிழக்கில் என்ன பாடு படுத்தியது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் 2012 முதல் குடும்பத்துக்கு 5,50,000 இலங்கை ரூபாய் கட்டம் கட்டமாகத் தரப்பட்டது. வீட்டை அவர்களே கட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த கட்டப் பணம் வருமுன் வேலையை முடிக்கவும், விலையேற்றத்தை ஈடுகட்டவும் நகையை அடகு வைத்தவர்கள், வட்டிக்கு வாங்கியவர்கள் பலர். உதவி கிடைத்தது, கூடவே கடனும் வந்தது. பின்னால் குறுநிதிக் கம்பெனிகள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நுழைந்தபோது வாசல் ஏற்கெனவே திறந்து கிடந்தது.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது, சீட்டு நடத்துகிறவர் ஓடிப்போவது. அது நடக்கிறது. உப்பலிலும் நடக்கும், உசிலம்பட்டியிலும் நடக்கும். ஒரு தெருவுக்குள் இருபது பேர் சேரும் சீட்டைவிட, ஒரே ஆள் முகம் தெரியாதவர்களைச் சேர்த்துப் பத்துப் பதினைந்து சீட்டு நடத்தும்போது ஆபத்து மிகுதி. ஆனால் அதற்குச் சட்டம் என்ன செய்தது? 1982 சீட்டு நிதிச் சட்டப்படி மிகச் சிறிய சீட்டுக்குத்தான் விலக்கு. அந்த வரம்பு வெறும் 100 ரூபாயாக இருந்தது. மாநில அரசுகள் வேறு தொகை நிர்ணயிக்கலாம் என்று திருத்தியது 2019ல்தான். அந்த வரம்பைத் தாண்டினால் பதிவு; பதிவுக்குச் சீட்டுத் தொகைக்கு ஈடான வைப்போ சொத்துப் பிணையமோ. பெரிய கம்பெனிக்கு இது சரி. ஊர்ப் பெண் ஒருத்தி நடத்தும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு லட்சத்தை முதலில் முடக்கு என்றால் அவள் பதிவு அலுவலகப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள். ஏமாற்றப்பட்டவர் காவல் நிலையம் போனால், பதிவு செய்யாத சீட்டில் ஏன் சேர்ந்தாய் என்ற கேள்விதான் முதலில் வரும். பாதுகாப்பைக் கைக்கெட்டாத உயரத்தில் கட்டி வைத்தது சட்டம். பழி மட்டும் ஏழையின் தலையில்.

கந்து வட்டியை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் திரித்துவிட வேண்டாம். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் பச்சிளம் குழந்தைகளோடு தீயில் வெந்ததை மறந்தவன் அல்ல நான். தமிழ்நாட்டில் 2003லிருந்தே கந்து வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அது அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. மிரட்டி வசூலிக்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள். அவனையும் தெருச் சீட்டையும் முறைசாராக் கடன் என்ற ஒரே சாக்கில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். அப்படிக் கட்டும்போது அவன் தப்பிவிடுகிறான், சீட்டு மாட்டிக்கொள்கிறது.

பாதியில் நிற்கும் வீட்டைக் காட்டி, பாருங்கள் திட்டமிடத் தெரியவில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உப்பல் - நாரப்பள்ளி மேம்பாலத்துக்கு 2018ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் அது வெறும் தூண்களாகவே நின்றது. அதைப் பார்த்து அரசுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று நிதி நிறுத்தப்படவில்லை. கையில் இருப்பதற்கேற்பச் சுவரை நிறுத்தி, வட்டி ஏறாமல் காத்திருந்து, பணம் வந்ததும் தொடரும் குடும்பத்திடம் அதைவிட நல்ல நிதி ஒழுங்கு இருக்கிறது.

2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்குப் பழைய ஆந்திரக் குறுநிதிச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்துவிட்டது. கம்பெனிகளுக்கு இந்த மண்ணில் மறுபடி வழி திறந்திருக்கிறது. மறுபடியும் அதே வாரத் தவணையோடு வருவதானால் 2010ஐ மறுபடி பார்ப்போம். வருகிறவர்கள் ஸ்லாப்புக்கென்று ஒரு கடன் கொண்டுவரட்டும்: ஒரே தடவையில் முழுத்தொகை, முட்டு பிரித்து வீட்டுக்குள் குடிபோன பிறகு மாதத் தவணை. கொல்கத்தாவில் முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் தள்ளிவைத்துப் பார்த்த ஆய்வில் தொழிலில் போட்ட முதலும் லாபமும் கூடின. தவறிய கடனும் கொஞ்சம் கூடியது. அந்தக் கூடுதல் இழப்புக்கு அரசு உத்தரவாத நிதி வைக்கலாம்; ஃபிளாட் வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுக்கும் வரியில் ஒரு சிறு பங்கு போதும். கிராம நத்தத்தில் தலைமுறையாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பதிவுப் பத்திரம் இருக்காது. ஊராட்சியின் வரி ரசீதையும் மின் இணைப்பையும் போதிய சான்றாக ஏற்க வேண்டும். தெருச் சீட்டுக்கு மண்டல அலுவலகத்திலேயே, வைப்புத்தொகை கேட்காமல், ஒரு பக்கப் பதிவு வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் சட்டத் திருத்தமும் காலமும் வேண்டும் என்பார்கள். காலம் வேண்டாத ஒன்று இருக்கிறது. இந்திரம்மா திட்டத்தில் ஸ்லாப்புக்கு உரிய தவணையை ஸ்லாப் போட்ட பிறகு கொடுக்கிறார்கள். சுவர் எழும்பிய படம் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. அந்தத் தவணையைத் தகடு அடிக்கும் வாரத்திலேயே கொடுக்க ஓர் அரசாணை போதும்.